அப்பா சிங், தாய்மொழி ஸ்பானிஷ்

குடியேறிகளைப் பற்றி ஒரு புகார் எல்லா நாட்டிலும் உண்டு: "இவங்க நம்மோட கலக்கவே மாட்டேங்கிறாங்க." மொழி கற்றுக்கொள்வதில்லை, தனியாகக் கூடி வாழ்கிறார்கள், தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று பட்டியல் நீளும். இதன் மறுபக்கக் கேள்வியை மட்டும் அதிகம் பேர் கேட்பதில்லை. ஒருத்தர் கலந்தே தீர்வது என்று முழு மனசோடு வந்தால், அந்த ஊர் அவரை என்ன செய்தது?

இதற்குப் பதில் தேட, நூறு வருஷத்துக்கு முந்தைய கலிஃபோர்னியா நல்ல இடம். அங்கே போன இந்தியர்களில் தமிழர்கள் இல்லை என்றே சொல்லலாம், பெரும்பாலும் பஞ்சாபிகள். எண்ணிக்கையும் சில ஆயிரம்தான். ஆனா இந்தச் சில ஆயிரம் பேருக்கு நடந்ததைப் படித்த பிறகு, "கலத்தல்" என்ற சொல்லை முன்பு மாதிரி சாதாரணமாகப் பயன்படுத்த என்னால் முடியவில்லை.

ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்துச் சிறு விவசாயக் குடும்பங்களில் இருந்து போனவர்கள் இவர்களில் நிறைய. அங்கே நிலம் பங்கு பிரிந்து சுருங்கிக்கொண்டே வந்தது, கடன் ஏறிக்கொண்டே போனது. பிரிட்டிஷ் பட்டாளத்திலும், ஹாங்காங், ஷாங்காய் போலீஸிலும் வேலை பார்த்தவர்கள் வழியாக, கடலுக்கு அந்தப் பக்கம் கூலி எவ்வளவு என்ற செய்தி ஊருக்குள் வந்தது. முதலில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அப்புறம் எல்லை தாண்டி வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா. மர ஆலையில் வேலை, ரயில் பாதையில் வேலை, பிறகு வயல். பத்தில் எட்டு ஒன்பது பேர் சீக்கியர்கள். மிச்சம் முஸ்லிம்கள், கொஞ்சம் இந்துக்கள். அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரே பேர்தான்: "ஹிண்டு". தலைப்பாகை கட்டின சீக்கியரும் ஹிண்டு, ஐந்து வேளை தொழுகிற முஸ்லிமும் ஹிண்டு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

வரவேற்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு ராத்திரி போதும். 1907 செப்டம்பர் 4, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம். சில நூறு வெள்ளைக்காரர்கள் கும்பலாகச் சேர்ந்து, மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்கள் தங்கியிருந்த இடங்களில் புகுந்து, அடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். சில நாட்களில் ஊரில் இந்தியர்களே இல்லை. பத்து வருஷம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றமே அந்த வேலையைச் சட்டமாகச் செய்தது. 1917ல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் இருந்து வேலைக்காக யாரும் வரக்கூடாது என்றது. ஏற்கெனவே வந்திருந்த ஆண்களுக்கு இதன் அர்த்தம் வேற. ஊரில் இருக்கிற மனைவியைக் கூட்டி வர முடியாது. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை.

சரி, இங்கேயே இருந்து குடிமகன் ஆகிவிடலாம் என்றால், அதற்கு 1790ல் எழுதின சட்டம் இருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது அது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1870ல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள் இரண்டிலும் இல்லை. ஆனா வெள்ளையர் என்றால் யார் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகின தலைவலி. டெஃபினிஷனே இல்லாத ஒரு வேரியபிளை வைத்து 130 வருஷம் ஒரு சிஸ்டத்தை ஓட்டியிருக்கிறார்கள். விளைவும் நாம் எதிர்பார்க்கிற மாதிரிதான். ஒரு கோர்ட்டில் ஒரு இந்தியருக்குக் குடியுரிமை கிடைக்கும், பக்கத்து மாநிலக் கோர்ட்டில் இன்னொருத்தருக்குக் கிடைக்காது.

இந்தக் குழப்பத்தை உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்த்து வைத்தது. மூன்று மாத இடைவெளியில் வந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதல் வழக்கு தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியருடையது. கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடம் போனவர், பெர்க்லியில் மூன்று வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. குடும்பத்தோடு போவது அமெரிக்க சர்ச். இன்றைக்கு "கலக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்கிறவர்கள் வைத்திருக்கிற பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தால் ஒசாவா நூற்றுக்கு நூறு. உச்ச நீதிமன்றமும் அதை மறுக்கவில்லை. குணத்திலும் படிப்பிலும் இவர் தகுதியானவர்தான் என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டுவிட்டு, 1922 நவம்பர் 13 அன்று, வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர், ஜப்பானியர் காகேசியர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது.

இரண்டாவது வழக்கு பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி சீக்கியருடையது. 1913ல் வந்தவர், ஆரிகனில் மர ஆலை வேலை. முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். ராணுவ உடையில் தலைப்பாகையோடு நிற்கிற படம் இப்போதும் கிடைக்கிறது. 1918 டிசம்பரில், அந்த ராணுவ உடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நாலே நாளில் அதை ரத்து செய்தார்கள். விடவில்லை மனுஷன். 1920ல் ஆரிகன் கோர்ட்டில் இரண்டாவது முறை வாங்கினார். அரசாங்கம் மேல்முறையீடு போனது.

ஒசாவா தீர்ப்பைப் படித்துவிட்டு திந்த் தரப்பு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெள்ளையர் என்றால் காகேசியர், அன்றைய மானுடவியல் புத்தகங்களின்படி வட இந்தியர்கள் காகேசியர், அதனால் திந்த் வெள்ளையர். லாஜிக்கில் ஓட்டை கிடையாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தரப்பு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது. இவர் உயர்சாதி, ஆரிய ரத்தம், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரோடு கல்யாண உறவை எப்படி வெறுக்கிறாரோ அப்படித்தான் இந்திய உயர்சாதியினர் அங்கே உள்ள பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள் என்று. சுருக்கமாகச் சொன்னால், "நாங்களும் உங்களை மாதிரியே ஒதுக்கிவைக்கிறவர்கள்தான், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்." ஒரு சமூகத்தோடு கலக்க, அதன் மோசமான வழக்கமே தனக்கும் உண்டு என்று சாட்சி சொல்வது. வக்கீல் வாதம்தானே என்று என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சாதியை மறுக்கிற மதத்தில் பிறந்த ஒருத்தர் "உயர்சாதி ஹிண்டு" என்று அந்தக் கோர்ட்டில் நின்றார்.

அதுவும் உதவவில்லை. 1923 பிப்ரவரி 19 தீர்ப்பில் நீதிமன்றம் அப்படியே திரும்பி நின்றது. காகேசியர் என்று விஞ்ஞானிகள் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனுஷன் யாரை வெள்ளைக்காரன் என்று நினைக்கிறானோ அதுதான் கணக்கு என்றது. ஆரிய ரத்த வாதத்துக்கும் பதில் இருந்தது. படையெடுத்து வந்த ஆரியர்கள் கறுத்த திராவிடர்களோடு கலந்துவிட்டார்கள், பஞ்சாபில் கொஞ்சம் சுத்தமாக இருக்கப் பார்த்தாலும் முடியவில்லை, சாதி விதிகளும் அதை முழுசாகத் தடுக்கவில்லை என்கிறது தீர்ப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நம் பேர் இப்படி அடிபட்டிருக்கிறது என்று நான் எதிர்பார்க்கவில்லை. திராவிடக் கலப்பு இருப்பதால் ஒரு பஞ்சாபி வெள்ளையர் ஆக முடியாமல் போனார்!

இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட். ஒசாவாவுக்கு விஞ்ஞானத்தைக் காட்டி மறுத்தவர், திந்துக்கு விஞ்ஞானம் செல்லாது என்று மறுத்தார். இரண்டு முறையும் நீதிபதிகளில் ஒருத்தர்கூட மாற்றுக் கருத்து எழுதவில்லை. இந்த சதர்லாண்ட் எங்கே பிறந்தார் தெரியுமா? இங்கிலாந்தில். கைக்குழந்தையாக யூட்டாவுக்குக் கொண்டுவரப்பட்ட குடியேறி அவர்.

தீர்ப்போடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடம் போய், அது தவறாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லி அரசாங்கம் திரும்பப் பிடுங்க ஆரம்பித்தது. அப்படி இழந்தவர்கள் டஜன் கணக்கில். அவர்களில் வைஷ்ணோ தாஸ் பகாய் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெஷாவரில் வசதியான குடும்பம். 1915ல் மனைவி கலா, மூன்று சின்னப் பையன்களோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். இந்தியப் பெண்கள் அங்கே அபூர்வம் என்பதால், கலாவின் மூக்குத்தி பத்திரிகையில் செய்தியாக வந்தது. பகாய் கூலி வேலைக்கு வந்தவர் இல்லை. 25,000 டாலர் மதிப்புத் தங்கத்தோடு வந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் பிள்ளைகள் வளரக்கூடாது, சுதந்திர நாட்டில் வளர வேண்டும் என்பதுதான் அவர் வந்த காரணம். கோட் சூட் போட்டார், நல்ல ஆங்கிலம் பேசினார், கடை வைத்தார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கி, சாமான்களோடு குடிபோனபோது அக்கம்பக்கத்தவர்கள் வீட்டைப் பூட்டி வைத்து உள்ளே விடவில்லை. இந்த ஊரே வேண்டாம், பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று கலா சொல்ல, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அப்படியும் பகாய் 1921ல் குடியுரிமை வாங்கினார். திந்த் தீர்ப்புக்குப் பிறகு அது போனது. குடியுரிமை போனதும் கலிஃபோர்னியா நிலச் சட்டம் பாய்ந்து சொத்தும் போனது. 1928ல் இந்தியாவுக்குப் போய் உறவினர்களைப் பார்க்கலாம் என்று பாஸ்போர்ட் கேட்டார். உனக்கு அமெரிக்க பாஸ்போர்ட் கிடையாது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். எந்த ஆட்சியை உதறிவிட்டு வந்தாரோ, அதன் பிரஜையாகத் திரும்பிப் போகச் சொன்னார்கள்.

அந்த மார்ச்சில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு கடிதத்தை சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பத்திரிகைக்கு எழுதியிருந்தார், அவர்கள் வெளியிட்டார்கள். இந்த நாட்டையே வீடாக நினைத்து வந்தேன், பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கல்வி கொடுத்தேன், இப்போது நான் அமெரிக்கனும் இல்லை, வீடு வாங்கவும் உரிமை இல்லை, முன்னால் போகவும் வழியில்லை, வந்த பாலமும் எரிந்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கலா மூன்று பையன்களையும் தனியாக வளர்த்து ஆளாக்கினார். சட்டம் மாறிய பிறகு அமெரிக்கக் குடிமகளும் ஆனார். எந்த ஊர் அவர்களை வீட்டுக்குள் விடவில்லையோ, அதே பெர்க்லியில் 2020ல் ஒரு தெருவுக்கு கலா பகாய் பேர் வைத்தார்கள்.

பறிப்பு வேலையை நிறுத்தியதும் ஒரு இந்தியர்தான். திந்துக்காக வாதாடிய சகாராம் கணேஷ் பண்டிட் என்ற வக்கீலின் குடியுரிமையையே பிடுங்கப் பார்த்தார்கள். அவர் இனம், ரத்தம் பக்கமே போகவில்லை. நீங்கள் கொடுத்த குடியுரிமையை நம்பித்தான் வக்கீல் தொழில் ஆரம்பித்தேன், சொத்து வாங்கினேன், கல்யாணம் செய்தேன், இத்தனை வருஷம் கழித்துத் திரும்ப எடுப்பது நியாயமில்லை என்றார். ஜெயித்தார். 1927ல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. அதற்கப்புறம் மிச்ச வழக்குகளை அரசாங்கம் கைவிட்டது. பகாய்க்கு அது உதவவில்லை.

இதுவரை சொன்னது படித்தவர்கள், வசதியானவர்கள், காகிதம் வழியாக உள்ளே போகப் பார்த்தவர்கள் கதை. இதே வருஷங்களில் கலிஃபோர்னியாவின் தெற்கு ஓரத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் "கலத்தல்" என்று திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். பேர்தான் ராஜ கம்பீரம், உண்மையில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற பாலைவனம். கோடையில் 45 டிகிரியெல்லாம் சர்வ சாதாரணம். 1901ல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்ததும் அங்கே விவசாயம் ஆரம்பித்தது, சீக்கிரமே பருத்தி வந்தது. வாய்க்கால் பாசனமும் வெயிலும் பஞ்சாபிகளுக்குப் புதுசா என்ன? நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே சமயத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், 1910ல் ஆரம்பித்த மெக்சிகோ புரட்சி. அதிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பருத்தி எடுக்கிற வேலைக்கு இதே வயல்களுக்கு வந்தன. அம்மா, நாலு பெண்கள், ஒரு தம்பி என்று வருகிற குடும்பங்கள். இந்தப் பக்கம், மனைவியைக் கூட்டி வர முடியாத, அல்லது கல்யாணமே ஆகாத முப்பது, நாற்பது வயசு ஆண்கள்.

கலிஃபோர்னியாவில் அப்போது வெள்ளையரும் மற்ற இனத்தவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை. மெக்சிகர்கள் சட்டப்படி வெள்ளையர் கணக்கில் வருவார்கள். பஞ்சாபி வெள்ளையர் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியென்றால் இந்தக் கல்யாணம் நடந்திருக்கவே கூடாது. நடந்தது, நூற்றுக்கணக்கில். எப்படி? லைசென்ஸ் கொடுப்பது கவுண்டி அலுவலக குமாஸ்தா. அவர் மேஜைக்கு முன்னால் நிற்கிற ஆணையும் பெண்ணையும் பார்ப்பார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிறம். இனம் என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் "பிரவுன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். "சாதாரண மனுஷன் பார்வை" என்று சதர்லாண்ட் எந்த விதியை வைத்து திந்தை வெளியே தள்ளினாரோ, அதே பார்வைதான் இங்கே கல்யாணத்தை நடத்தி வைத்தது.

கேரன் லெனார்ட் என்ற மானுடவியலாளர் கவுண்டி ஆவணங்களைத் தோண்டி, உயிரோடு இருந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பேட்டி கண்டு 1992ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் திரட்டியது 378 தம்பதிகளின் விவரம். அதில் ஐந்தில் நாலு பங்கு மனைவிகள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். கல்யாணங்கள் சங்கிலியாக நடந்தன. அக்கா ஒரு பஞ்சாபியைக் கட்டினால், தங்கை அவருடைய கூட்டாளியைக் கட்டுவாள். சில இடங்களில் அம்மாவும்கூட. நிலத்துக்காகத்தான் இந்தப் பெண்களைக் கட்டினார்கள் என்று ஒரு கதை ரொம்ப காலம் உலவியது. அது நிற்காது. நிறைய கல்யாணங்கள் திந்த் தீர்ப்புக்கு முன்னாலேயே நடந்தவை. அந்தப் பெண்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது. குடியுரிமை உள்ள பெண்ணே ஆனாலும், 1931 வரை இருந்த சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியில்லாத அந்நியரைக் கட்டினால் அவளுடையதும் போய்விடும்! நிலத்துக்கு உதவியது மனைவிகள் இல்லை, பிள்ளைகள். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் பிறவிக் குடிமக்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வயசுப் பிள்ளை பேரில் நிலத்தை வாங்கி, அப்பா கார்டியனாக இருந்து உழுதார். அதற்கு முன்பு, பழக்கமான வெள்ளைக்கார பாங்கர், வக்கீல் பேரில் வைத்து, வாய் வார்த்தையை நம்பி விவசாயம் செய்தார்கள். பெரும்பாலும் அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வீடுகள் எப்படி இருந்தன? கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான மொழி ஸ்பானிஷ், அதைக் கற்றுக்கொண்டது கணவன். வயலில் கூலியாட்களோடு பேசவும் அதுதான் தேவை. பஞ்சாபிப் பேர் வாயில் நுழையாததால் ஊரில் ஸ்பானிஷ் செல்லப்பேர் வேறு. ரொட்டி சுடவும், கோழிக் குழம்பு வைக்கவும் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தது ஆண்கள். டோர்டியாவுக்கும் ரொட்டிக்கும் பெரிய தூரம் இல்லை, பச்சை மிளகாய்க்கும் ஹலபெனோவுக்கும் அதைவிடக் குறைவு. பிள்ளைகளுக்கு முன்பாதிப் பேர் ஸ்பானிஷ், பின்பாதி சிங் அல்லது கான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கத்தோலிக்கச் சர்ச். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேண்டுமே? அப்பாவின் கூட்டாளி சீக்கியரோ முஸ்லிமோ, அவரே ஒரு கத்தோலிக்கப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார். மெக்சிகோ வழக்கத்தில் ஞானத்தகப்பனும் அப்பாவும் சம்பந்திகள் மாதிரி நெருங்கின உறவு, ஆக பழைய கூட்டாளி இப்போது மனைவி வழி முறைப்படியும் உறவுக்காரர். பெரும்பாலான அப்பாக்கள் மதத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கவில்லை. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை, 1912ல் கட்டின ஸ்டாக்டன் குருத்வாராவுக்குக் குடும்பத்தோடு போவார்கள். அங்கே அமெரிக்கச் சர்ச் மாதிரி நாற்காலி போட்டிருந்தது.

இதைக் கேட்டதும் ஏதோ இனிப்பான சினிமாக் கதை மாதிரி தோன்றும். இணையத்தில் இதைப் பற்றி வருகிற கட்டுரைகள் முக்கால்வாசி அப்படித்தான் எழுதப்படுகின்றன. உண்மை அவ்வளவு இனிப்பு இல்லை. வயசு வித்தியாசம் பெரிசு. கூட்டாளிகள் நாலு பேருக்கும் சேர்த்துச் சமைத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்த்த கணவன்கள் உண்டு. அடித்தவர்கள் உண்டு. மனைவிகளும் பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை, அமெரிக்கக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிப் போனார்கள், விவாகரத்து நிறையவே நடந்தது. மெக்சிகோக்கார ஆண்களுக்கு, நம் பெண்களை வேற்றாள் கட்டுகிறானே என்ற கோபம், அது சில சமயம் அடிதடியிலும் முடிந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு பேருமே இளக்காரம். பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளை மெக்சிகோப் பிள்ளைகளும் சேர்க்காமல் கேலி செய்தார்கள்.

ஆனாலும் இது நடந்தது. சமூகவியலில் கலத்தல் என்றால், புதுசாக வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இருக்கிற பெரும்பான்மையோடு சேர்வது என்றே படம் போடுவார்கள். பகாயும் ஒசாவாவும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஏணியில் ஏறினார்கள், மேலே கதவு இல்லை. பருத்திக் காட்டுக்காரர்கள் மேலே பார்க்கவே இல்லை, பக்கத்தில் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் கலந்தது அமெரிக்காவோடா என்று கேட்டால், அந்தக் காலத்துச் சட்டப் புத்தகம் இல்லை என்று சொல்லும். ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எந்த நாடும் தெரியாது.

இதே பள்ளத்தாக்கில் தலிப் சிங் சௌந்த் என்று ஒருத்தர் இருந்தார். பெர்க்லியில் 1924ல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அன்றைய கலிஃபோர்னியாவில் ஒரு இந்தியர் செய்யக்கூடிய வேலை, விவசாயம். அதுவும் குத்தகையை இன்னொருத்தர் பேரில் போட்டு. குடியுரிமைச் சட்டத்தை மாற்றப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1946 ஜூலையில் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை தந்தது, வருஷத்துக்கு நூறு பேர் வரலாம் என்றும் அனுமதித்தது. நூறே நூறு பேர். சௌந்த் 1949ல் குடிமகன் ஆனார், 1956ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவில் பிறந்து அங்கே போன முதல் ஆள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார விவசாயிகள்தான். முப்பது வருஷம் அவர்களுக்குப் பக்கத்து வயல்காரராக இருந்திருக்கிறார்.

திந்துக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முதல் உலகப்போர் வீரர்களுக்கு இனம் பார்க்காமல் குடியுரிமை தரலாம் என்று 1935ல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷம் நியூயார்க்கில் மூன்றாவது முறையாக வாங்கினார். இந்த முறை யாரும் பிடுங்கவில்லை.

இன்றைக்கு அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் போனது 1965ல் வந்த புதிய சட்டத்தின் வழியில். க்ரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரிசையில் வருஷக்கணக்கில் நிற்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. வீடு வாங்கி, பிள்ளைகளை அங்கேயே பெற்று, வேலை போனால் அறுபது நாளில் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள். பகாய் கதையைச் சொன்னால் அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

1965க்குப் பிறகு பஞ்சாபிலிருந்தும் புது ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள், முக்கியமாக வடக்கு கலிஃபோர்னியாவின் யூபா சிட்டிக்கு. பழைய பஞ்சாபிகளின் பிள்ளைகள், அப்பாவின் சொந்தங்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். வந்தவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். பஞ்சாபி பேச வரவில்லை, சர்ச்சுக்குப் போகிறார்கள், அம்மா மெக்சிகோக்காரி. இவர்கள் எங்களில் சேர்த்தி இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். குருத்வாராவில் நாற்காலிகளை எடுத்துவிட்டுத் தரையில் உட்காரும் பழைய முறை வந்தது. வெள்ளைக்காரர் ஒதுக்கினது போக, இப்போது அப்பாவின் ஊர்க்காரர்களும். எது இந்த இரண்டாம் தலைமுறைக்கு அதிகம் வலித்தது என்று அவர்கள் பேட்டிகளைப் படித்தால் புரியும்.

எழுபதுகளில் அவர்கள் யூபா சிட்டியில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்களுக்கென்று ஒரு நடன விருந்து நடத்த ஆரம்பித்தார்கள். அதே ஊரில் ரசூல்ஸ் எல் ராஞ்செரோ என்ற மெக்சிகோ உணவகம், ரொட்டிக்குள் சீஸ் வைத்த கெசடியாவைப் பல வருஷம் விற்றது. அந்த விருந்துக்கு வருகிறவர்களிடம் நீங்கள் யார் என்று கேட்டால், சீக்கியர் என்றோ பஞ்சாபி என்றோ சொல்ல மாட்டார்கள். பெல்லிங்ஹாமில் கும்பல் கத்தின அதே சொல்லை, கோர்ட்டில் திந்த் மேல் ஒட்டப்பட்ட அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கச் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கின, ஸ்பானிஷ் பேசுகிற சிங்குகளும் கான்களும், புதுசாக வந்த பஞ்சாபிகளைக் காட்டி, "அவங்க வேற, நாங்கதான் ஹிண்டு" என்றார்கள்.